ட்ரிப்ஸை ஏன் குறைத்தார்கள், வயிற்றை ஏன் மூடவில்லை?

உங்கள் கேள்வியை ஒருதரம் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். முந்தாநாள் இரவு உங்கள் தம்பி பைக்கில் வரும்போது லாரி மோதி அடிபட்டிருக்கிறார். கல்லீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் போயிருக்கிறது. தலையில் அடி இல்லை. பிபி 85 என்று மானிட்டர் காட்டியும் ட்ரிப்ஸை வேகமாக விடவில்லை, கேட்டதற்கு "இவ்வளவு போதும்" என்றார்கள். ஒரு ஊசி போட்டார்கள். அதன் பெயரை இன்டர்நெட்டில் தேடினால் மாதவிடாய் மருந்து என்று வருகிறது. ஒரு மணி நேரத்தில் ஆபரேஷனை முடித்து, உள்ளே துணியை வைத்து, வயிற்றைத் தைக்காமலே ஐசியூவுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு மறுபடி தியேட்டருக்கு எடுக்கிறார்கள். இதற்கு நடுவில் ஒரு ஆராய்ச்சியில் தம்பியைச் சேர்க்கலாமா என்று உங்களிடம் கையெழுத்து கேட்கிறார்கள். அம்மா சாப்பிடாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கிறார், மாமா வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் என்கிறார். நடப்பது சரியான வைத்தியமா, அலட்சியமா என்று கேட்கிறீர்கள்.

நான் முப்பது வருடமாக அறுவை சிகிச்சை செய்துகொண்டிருப்பவன், அதில் பெரும்பகுதி அரசு மருத்துவமனைகளில். உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை, கேஸ் ஷீட்டையும் பார்க்கவில்லை. அதனால் அவர் உடம்பைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று காரியமும் இன்றைக்கு நல்ல விபத்து சிகிச்சைப் பிரிவுகளில் தெரிந்தே செய்வதுதான். வெளியில் இருந்து பார்த்தால் மூன்றுமே கைவிட்டுவிட்டது போலத் தெரியும். நான் படித்த காலத்தில் எங்களுக்கே அப்படித்தான் தெரிந்திருக்கும். அப்புறம் எப்படி மாறினோம் என்பதைச் சொன்னால், கையெழுத்து விஷயத்துக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

ட்ரிப்ஸில் ஆரம்பிக்கிறேன். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, அடிபட்டு பிபி இறங்கி ஒருவர் வந்தால் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். இரண்டு கையிலும் பெரிய ஊசி, இரண்டிலும் ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் என்ற உப்பு நீர்) பாட்டில். சும்மா தொங்கவிட மாட்டோம், பாட்டிலை இரண்டு கையாலும் பிழிந்து ஏற்றுவோம். ஒரு இரவு 19 வயதுப் பையன் ஒருவன் வந்தான், மண்ணீரல் கிழிந்திருந்தது. விடாமல் பிழிந்தோம். பிபி 110க்கு வந்தது, எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு. கொஞ்ச நேரத்தில் மறுபடி 70. மறுபடி பிழிந்தோம். ஆறாவது லிட்டர் போய்க்கொண்டிருக்கும்போது வயிற்றைத் திறந்தார் எங்கள் சீஃப். உள்ளே இருந்து வந்ததை ரத்தம் என்று சொல்ல முடியாது. வெளிறிப்போன ஆரத்தித் தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு கட்டிகூட உறைந்திருக்கவில்லை. மண்ணீரலை எடுத்த பிறகும் தோலில், தசையில், தையல் ஊசி நுழைந்த ஒவ்வொரு துளையிலும் கசிந்துகொண்டே இருந்தது. பாம்புக் கடிக்குச் செய்வது போல கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்தேன். சாய்த்துப் பார்த்தால் தண்ணீராகவே ஓடியது. விடிவதற்குள் பையன் போய்விட்டான். எங்கள் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை, ஏனென்றால் எல்லாம் புத்தகப்படி செய்திருந்தோம்.

நடந்தது என்ன என்று இப்போது தெரியும். ரத்தக் குழாய் கிழிந்தவுடன் உடம்பு தன்னால் முடிந்ததைச் செய்கிறது. குழாய் சுருங்குகிறது, கிழிசலின் வாயில் ஒரு ரத்தக்கட்டி உட்கார்கிறது, பிபி தானாக இறங்கி அந்தக் கட்டியைத் தள்ளாமல் விட்டுவைக்கிறது. பிபியை நாம் வலுக்கட்டாயமாக ஏற்றினால் கட்டி பிய்த்துக்கொண்டு போகும். ஏற்றும் திரவத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் அணுக்களும் இல்லை, ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களும் இல்லை. இருக்கிற கொஞ்சத்தையும் அது நீர்க்கச் செய்கிறது. குளிர்ந்த அறையில் இருந்த பாட்டில் என்பதால் உடம்பையும் குளிர வைக்கிறது. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது, உறையாவிட்டால் இன்னும் போகும், போனால் ரத்தத்தில் அமிலம் ஏறும், அமிலம் ஏறினால் இன்னும் உறையாது. குளிர்ச்சி, அமிலம், உறையாமை மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் இந்தச் சுழலில் ஒருவர் விழுந்துவிட்டால் மீட்பது மிகவும் கஷ்டம்.

இதை முன்கூட்டியே பார்த்தவர் ஒருவர் உண்டு. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களின் அதிர்ச்சி நிலையை ஆராய்ந்த அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன், ரத்தக்கசிவை நிறுத்த அறுவை மருத்துவர் தயாராகும் முன்பே அழுத்தத்தை ஏற்றினால் இருக்கிற ரத்தமும் போய்விடும் என்று 1918லேயே எழுதினார். அது மறந்துபோயிற்று. 1960களில் டாம் ஷையர்ஸ் முதலியோரின் ஆய்வுகளுக்குப் பிறகு உப்பு நீரைத் தாராளமாக ஏற்றுவதே சரி என்று ஆனது. வியட்நாம் போரில் அப்படி ஏற்றப்பட்ட வீரர்கள் பலர் ஆபரேஷன் மேஜையில் பிழைத்து, சில நாளில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறினார்கள். அங்கே இருந்த ஊரின் பெயரால் அதற்கு ‘டா நாங் நுரையீரல்’ என்று பெயரே வந்தது.

1994ல்தான் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர்கள் இதை எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். உடம்பின் நடுப்பகுதியில் கத்திக்குத்தோ குண்டடியோ பட்டு, பிபி 90 அல்லது அதற்குக் கீழே இருந்த 598 பேர். தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை வைத்துப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஆம்புலன்ஸிலேயே திரவம் ஏற்றினார்கள், மற்றவர்களுக்கு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்வரை நிறுத்தி வைத்தார்கள். உடனே ஏற்றியவர்களில் 62 சதவீதம் பேர் பிழைத்தார்கள். நிறுத்தி வைத்தவர்களில் 70 சதவீதம். நான் அந்தக் கட்டுரையைப் படித்தபோது அந்த 19 வயதுப் பையன் ஞாபகம்தான் வந்தது. படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஹூஸ்டனில் சேர்ந்தவர்கள் கத்தியும் குண்டும் பட்ட இளைஞர்கள், பெரிய மருத்துவமனைக்கு விரைவில் கொண்டுவரப்பட்டவர்கள். நம் நெடுஞ்சாலையில் லாரி மோதி, எலும்பு நொறுங்கி, இரண்டு மணி நேரம் கழித்து வருபவருக்கு அதே கணக்கை அப்படியே போட முடியாது. முக்கியமாக, தலையில் பலத்த அடி இருந்தால் பிபியைக் குறைவாக விடவே கூடாது. அடிபட்ட மூளைக்கு ரத்தம் போவது குறைந்தால் அது தாங்காது. அப்படிப்பட்டவர்களுக்கு பிபி 90க்குக் கீழே இறங்கியிருந்தால் சாவு ஏறக்குறைய இரட்டிப்பானதை அமெரிக்காவில் 1993லேயே பார்த்துவிட்டார்கள். உங்கள் தம்பிக்குத் தலையில் அடி இல்லை என்று நீங்கள் எழுதியதால்தான், 85ல் விட்டதை நான் சரி என்கிறேன். அதுவும் கசிவை நிறுத்தும்வரை மட்டும்தான்.

சரி, அந்த ஊசி. பெயர் டிரானெக்ஸாமிக் ஆசிட். மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறவர்களுக்குத் தரும் மாத்திரையும் இதேதான், இன்டர்நெட் சொல்வது உண்மை. ஆனால் அது உருவான காரணமே ரத்தம் போய்ச் சாகிறவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான். உடாகோ ஒகாமோட்டோ, ஷோசுகே ஒகாமோட்டோ என்ற ஜப்பானியத் தம்பதியின் வேலை அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடு நொறுங்கிக் கிடந்த நேரத்தில், கையில் காசில்லாமல் ஆராய்ச்சியை ஆரம்பித்தார்கள். ரத்தத்தைப் பற்றி ஆராய்ந்தால் ஒரு வசதி, வேறெங்கும் கிடைக்காவிட்டால் நம் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்களாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் உடாகோ மகளை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். பிரசவத்தில் ரத்தப்போக்கால் இறக்கும் பெண்கள்தான் அவர் மனதில் இருந்தார்கள். 1962ல் மருந்தைப் பற்றி எழுதி வெளியிட்டார்கள்.

அது செய்யும் வேலை இதுதான். ரத்தம் உறைந்தால் மட்டும் போதாது. வேலை முடிந்ததும் கட்டியைக் கரைக்கவும் உடம்பில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிளாஸ்மின் என்ற நொதி கட்டியின் இழைகளை அறுத்துக் கரைக்கும். பலத்த அடி பட்டவர்கள் சிலருக்கு இந்தக் கரைக்கும் வேலை நேரம் காலம் தெரியாமல் முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. உறைய உறையக் கரைந்துகொண்டே போனால் கசிவு எப்படி நிற்கும்? லண்டனில் ஹெலிகாப்டரில் கொண்டுவரப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்து 2003ல் எழுதினார்கள், நாலில் ஒருவருக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும்போதே ரத்தம் உறையும் தன்மை கெட்டிருந்தது. டிரானெக்ஸாமிக் ஆசிட் அந்த நொதியின் மூலப்பொருள் கட்டியின் இழையைப் பற்றிக்கொள்ளும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பற்ற முடியாவிட்டால் அறுக்கவும் முடியாது. புதிய கட்டியை அது உண்டாக்குவதில்லை, இருக்கிற கட்டியைக் காக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் விபத்துக்கு யாரும் கொடுக்கவில்லை. திட்டமிட்ட ஆபரேஷன்களில் இந்த மருந்து ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைக்கிறது என்று தெரிந்திருந்தது. விபத்தில் உயிரைக் காக்குமா, அல்லது காலிலும் நுரையீரலிலும் தேவையில்லாத கட்டிகளை உண்டாக்கிக் கெடுக்குமா என்பது தெரியவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்த மலிவான மருந்தை ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துப் பார்க்க எந்தக் கம்பெனி முன்வரும்?

லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிகல் மெடிசினைச் சேர்ந்த இயன் ராபர்ட்ஸும் ஹலீமா ஷகூரும் முன்வந்தார்கள். ‘க்ராஷ்-2’ என்று அந்த ஆராய்ச்சிக்குப் பெயர். 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள். இந்தியாவில் இருந்து மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். ஆராய்ச்சி என்றால் பளபளக்கும் ஆய்வகத்தை நினைக்காதீர்கள். கேசுவால்டி அலமாரியில் ஒரே மாதிரி மருந்துப் பொட்டலங்கள், மேலே எண் மட்டும். பாதியில் மருந்து, பாதியில் வெறும் உப்பு நீர். எது எது என்று கொடுக்கிற மருத்துவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. 10 நிமிடத்தில் ஒரு கிராம், அதன்பிறகு 8 மணி நேரத்தில் இன்னொரு கிராம். ரத்தம் ஏற்றுவது, ஆபரேஷன் எல்லாம் வழக்கம்போல். கடைசியில் ஒரு பக்கப் படிவம்: உயிரோடு இருக்கிறாரா, இல்லையா. காகிதம் அதிகமானால் இரவு இரண்டு மணிக்கு வேலை பார்க்கும் மருத்துவர் யாரையும் சேர்க்க மாட்டார் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள். இவ்வளவு பெரிய ஆராய்ச்சி நடந்ததற்கு அந்த ஒரு பக்கப் படிவமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

2010ல் முடிவு வந்தது. மருந்து கிடைத்த பத்தாயிரத்துச் சொச்சம் பேரில் 1,463 பேர் இறந்தார்கள், உப்பு நீர் கிடைத்த அதே அளவு பேரில் 1,613 பேர். நூற்றுக்கு எத்தனை என்று சொன்னால் 14.5, 16. சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 150 பேர் வீட்டுக்குப் போனவர்கள். இவ்வளவு சின்ன வித்தியாசம் எந்த மருத்துவரின் அனுபவத்திலும் கண்ணில் படாது. மாதம் பத்துப் பேருக்கு இந்த ஊசி போடும் ஒரு மருத்துவரால், பிழைத்த எவரையும் காட்டி இவரை இந்த ஊசிதான் காப்பாற்றியது என்று சொல்லவே முடியாது. இருபதாயிரம் பேரை எண்ணினால்தான் அது தெரிகிறது. பயந்ததுபோல் தேவையில்லாத இடத்தில் கட்டி உண்டாவது கூடவும் இல்லை. அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதை விபத்து ரத்தக்கசிவுக்காகச் சேர்த்தது.

ஆனால் 2011ல் அதே தகவல்களைப் பிரித்துப் பார்த்தபோது வந்ததுதான் எனக்கு முக்கியம். அடிபட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் ரத்தக்கசிவால் இறந்தவர்கள் 5.3 சதவீதம், போடாதவர்களில் 7.7. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் 4.8, 6.1. மூன்று மணி தாண்டிப் போட்டவர்களில் கணக்கு தலைகீழாகிவிட்டது: போட்டவர்களில் 4.4, போடாதவர்களில் 3.1. அதே மருந்து, அதே அளவு, ஆனால் நேரம் கடந்தால் கெடுக்கிறது. 2018ல் நாற்பதாயிரம் பேரின் தகவலைச் சேர்த்துப் பார்த்ததில், ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் மருந்தின் பயன் சுமார் 10 சதவீதம் குறைந்துகொண்டே போனது.

நம் ஊரில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். அடிபட்டவரை முதலில் பக்கத்தில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். அங்கே கட்டுப் போட்டு, ஒரு பாட்டில் ஏற்றி, ரெஃபர் பண்ணுகிறார்கள். அடுத்த ஊரில் ஸ்கேன் இல்லை, மறுபடி ரெஃபர். மூன்றாவது இடத்துக்கு வரும்போது நாலு மணி நேரம் ஆகியிருக்கும். அங்கே என் மாதிரி ஒருவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தனை மணிக்கு அடிபட்டது?" என்று கேட்பார், யாருக்கும் தெரியாது. "சாயங்காலம்" என்பார்கள். ஏ.ஆர். என்ட்ரியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில், அந்த நேரம் எழுதப்படாமலோ குத்துமதிப்பாகவோ இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இதைப் படிப்பவர்கள் யாராவது சாலையில் அடிபட்டவரைத் தூக்க நேர்ந்தால், 108க்குக் கூப்பிட்டுவிட்டு, ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கைபேசியில் மணியையும் பாருங்கள். உதவி செய்கிறவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு 2019 திருத்தத்தில் வந்துவிட்டது.

அற்புத மருந்து என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். வயிறு, குடலிலிருந்து வரும் ரத்தக்கசிவுக்கு இதே மருந்தைப் பன்னிரண்டாயிரம் பேரிடம் பார்த்தார்கள், 2020ல் முடிவு வந்தது: பயன் இல்லை, காலிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டியும், வலிப்பும்தான் கொஞ்சம் கூடின. 2023ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனியில் ஆம்புலன்ஸிலேயே போட்டுப் பார்த்ததில் ஒரு மாதத்துக்குள் சாவு குறைந்தது போலத் தெரிந்தாலும், ஆறு மாதம் கழித்து நல்லபடியாக நடமாடுகிறவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. அதனால் இதைப் பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. என் கருத்தைக் கேட்டால், ரத்தம் போய்க்கொண்டிருக்கும் விபத்து நோயாளி அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்தால் நான் யோசிக்காமல் போடுவேன். உடாகோ அம்மையார் மனதில் இருந்த பிரசவ ரத்தப்போக்கில் இருபதாயிரம் பெண்களிடம் நடந்த ஆராய்ச்சி, ரத்தம் போய் இறப்பது 1.9 சதவீதத்திலிருந்து 1.5க்குக் குறைந்ததைக் காட்டியது. அது வெளிவந்தது 2017ல். அவர் அதற்கு முந்தின வருடம், 98 வயதில் இறந்துவிட்டார்.

அடுத்து, மூடாத வயிறு. உறவினர்களை மிகவும் பயமுறுத்துவது இதுதான், எனக்குப் புரிகிறது. கல்லீரல் கிழிந்தால் முன்பெல்லாம் தைத்துத் தைத்து நேராக்க முயல்வோம், நான்கைந்து மணி நேரம் ஆகும். அதற்குள் உடம்பு 34 டிகிரிக்குக் குளிர்ந்து, நான் மேலே சொன்ன சுழலில் நோயாளி விழுந்துவிடுவார். தையல் அழகாக இருக்கும், ஆள் இருக்க மாட்டார். 1993ல் பென்சில்வேனியாவில் ரோட்டாண்டோ, ஷ்வாப் முதலியோர் வேறு வழியைச் சொன்னார்கள். கசிவை நிறுத்து, கிழிந்த குடலைக் கட்டி அழுக்கு பரவாமல் தடு, மாப் என்று நாங்கள் சொல்லும் பெரிய துணிகளை வைத்துக் கல்லீரலை அழுத்து, வெளியே வா. ஐசியூவில் உடம்பைச் சூடாக்கி, ரத்தம் கொடுத்து, உறையும் தன்மை திரும்பிய பிறகு ஒன்றிரண்டு நாளில் மறுபடி போய் மீதி வேலையை முடி. அடிபட்ட போர்க்கப்பலை நடுக்கடலில் முழுசாகப் பழுது பார்க்க மாட்டார்கள், தண்ணீர் நுழையும் ஓட்டையை அடைத்துக் கரை சேர்ப்பார்கள். ‘டேமேஜ் கன்ட்ரோல்’ என்ற பெயரையே கடற்படையிடமிருந்துதான் எடுத்தார்கள். பெரிய ரத்தக் குழாயும் பல உறுப்புகளும் சேர்ந்து அடிபட்ட 22 பேரில், இப்படிச் செய்த 13 பேரில் 10 பேர் பிழைத்தார்கள். ஒரே மூச்சில் முடித்த 9 பேரில் ஒருவர்தான்.

22 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை, சீட்டுப் போட்டுப் பிரித்ததும் இல்லை. அந்த வெற்றியைப் பார்த்துத் தேவையில்லாதவர்களுக்கும் வயிற்றைத் திறந்து வைத்த காலமும் வந்தது. திறந்த வயிற்றில் தொற்று, குடலில் ஓட்டை, பின்னால் குடலிறக்கம் என்று விலை உண்டு. அதனால் இப்போது யாருக்கு இது தேவை என்று பொறுக்கித்தான் செய்கிறோம். தைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு: உள்ளே துணி இருக்கிறது, குடல் வீங்கியிருக்கிறது, அதை இழுத்துத் தைத்தால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி சிறுநீரகம் வேலை நிறுத்தும், மூச்சு முட்டும்.

இந்த நிலையில் தம்பியை ஆம்புலன்ஸில் ஏற்றி வேறு ஊருக்கு மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாமாவின் பதற்றம் நியாயம்தான். சந்தேகம் இருந்தால் கேஸ் ஷீட் நகலையும் ஸ்கேனையும் வாங்கி வெளியில் இன்னொரு அறுவை மருத்துவரிடம் காட்டட்டும், ஆள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மாமாவுக்கும் அவர் நண்பர்களுக்கும் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது: ரத்த வங்கிக்குப் போய் ரத்தம் கொடுப்பது. இப்போது சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு (பிளேட்லெட்) மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் தருகிறோம். அமெரிக்காவில் 680 பேரிடம் பார்த்து 2015ல் வந்த ஆராய்ச்சியில், சம அளவில் கொடுத்தவர்களில் முதல் நாளில் ரத்தம் போயே இறந்தது 14.6 சதவீதத்திலிருந்து 9.2க்குக் குறைந்தது. மொத்த சாவில் வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை என்றாலும், உப்பு நீரை விட்டு ரத்தத்தின் பக்கம் நாங்கள் திரும்பியதற்கு இந்த மாதிரி ஆராய்ச்சிகள்தான் காரணம். உங்கள் தம்பிக்கு மூன்றும் பல பை போயிருக்கும், அதை வங்கியில் திரும்ப வைக்க ஆள் வேண்டும்.

இனி கையெழுத்து. "என் தம்பியை வைத்துச் சோதனை செய்யவா?" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எந்த ஆராய்ச்சி என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் போடுங்கள், போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது பல வருடமாகப் பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பினார்கள். நானும் போட்டிருக்கிறேன், நல்லெண்ணத்தோடுதான். ‘க்ராஷ்’ என்ற பெயரில் முதல் ஆராய்ச்சி அதைத்தான் எடுத்துக்கொண்டது, 2004ல் முடிவு வந்தது. இருபதாயிரம் பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 10,008 பேரிலேயே நிறுத்திவிட்டார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள், பெறாதவர்களில் 17.9. அந்த ஆராய்ச்சி வரும்வரை ஸ்டீராய்டு வாங்கிய ஒவ்வொருவரும் ஒரு சோதனைக்குள்தான் இருந்தார்கள், யாரும் கையெழுத்து கேட்கவில்லை, யாரும் எண்ணவும் இல்லை. எத்தனை பேர் வீணாகப் போனார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பட்டியலில் நான் ஊசி போட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் மறப்பதில்லை.

நம் நாட்டில் இப்படி எண்ணுவது குறைவு. மும்பை, டெல்லி, கொல்கத்தா நகரங்களின் நான்கு பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து விபத்து நோயாளிகளின் பதிவேடு ஒன்றை நடத்தினார்கள். அதை வைத்து 2016ல் எழுதியதில், சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் 30 நாளுக்குள் இறந்திருந்தார்கள். பதிவேடு இல்லாத ஊர்களில் அந்தக் கணக்குகூட இல்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கிறது. அது பெரிய காரியம். அந்த 48 மணிக்குள் யாருக்கு என்ன செய்தோம், யார் பிழைத்தார்கள் என்பதையும் ஒழுங்காக எழுதி வைத்தால் நமக்கான பதில்கள் நம்மிடமிருந்தே கிடைக்கும்.

அதனால் படிவத்தைப் பார்த்துப் பயப்படாமல் கேள்வி கேளுங்கள். எந்த இரண்டு சிகிச்சையை ஒப்பிடுகிறார்கள்? சேராவிட்டால் தம்பிக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிவு எண் என்ன? மருந்து ஆராய்ச்சி என்றால் அதனால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ன் விதிகள் சொல்கின்றன. அது படிவத்தில் எழுதியிருக்கிறதா? தமிழில் படிவம் தராமல் கையெழுத்து மட்டும் கேட்டால் போடாதீர்கள். அரை மணி நேரம் யோசிக்கிறேன் என்று சொல்லலாம். போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. நீங்கள் போடுவது தம்பி மயக்கத்தில் இருப்பதால் அவர் சார்பில் போடும் கையெழுத்து. அவர் தெளிந்து பேசத் தொடங்கியதும் அவரிடமே மறுபடி கேட்க வேண்டும். அதை நீங்களும் ஞாபகப்படுத்துங்கள்.

நாளைக்கு ஆபரேஷன் முடிந்து வெளியே வரும் மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: கசிவு நின்றுவிட்டதா, வயிற்றை மூடிவிட்டார்களா, முதல் ஆபரேஷனில் எத்தனை மாப் வைத்தார்கள், இரண்டாவதில் எத்தனை எடுத்தார்கள். அந்த எண்ணிக்கை முதல் ஆபரேஷன் குறிப்பிலேயே எழுதியிருக்கும், நர்ஸ் சத்தமாக எண்ணித்தான் எழுதியிருப்பார். அம்மாவை இன்று இரவு ஏதாவது சாப்பிட வையுங்கள். நாளை சாயங்காலம் நிலைமையை எழுதினால் நான் பார்க்கிறேன்.